சின்ன ஸ்லாஷர் கதைகள்: வடசென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிக்கிறோம். எல்லாம் சின்னக் கதைகள், அதிலும் பெரும்பாலும் ஸ்லாஷர். புதிதாக வருகிறவர்கள், வரலாமா என்று யோசிக்கிறவர்கள், பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற அம்மாக்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் படிக்கட்டில் நின்று பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஸ்லாஷர் என்றால் என்ன? பேய்க் கதையா, துப்பறியும் கதையா?

இரண்டும் இல்லை. பேய்க் கதையில் வருவது செத்துப்போனவர்கள். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், வேப்பிலை என்று அதற்கு ஏதோ ஒரு பரிகாரம் இருக்கும். துப்பறியும் கதையில் கொலை நடந்து முடிந்த பிறகுதான் கதாநாயகன் உள்ளே நுழைவார். ஸ்லாஷரில் கொலைகாரன் உயிரும் சதையுமான மனிதன். கையில் கத்தி, அரிவாள் மாதிரி கிட்டே வந்துதான் பயன்படுத்தக்கூடிய ஒரு சாமான் வைத்திருப்பான். வெளியேற வழி குறைவான ஓர் இடம், அதில் நாலைந்து பேர். ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவார்கள். படிக்கிறவருக்கு அவன் யார் என்பதைவிட, இந்த நிமிடம் எங்கே நிற்கிறான் என்பதுதான் தெரிய வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது?

ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய 'சைக்கோ' நாவலை ஹிட்ச்காக் மறுவருடமே படமாக எடுத்தார். பலரும் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்கள். 1978-ல் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' வந்த பிறகு அமெரிக்காவில் இது பெரிய அலையானது. அதே 1978-ல் இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. அதனால் இது நமக்கு நேற்று இறக்குமதியான சரக்கு என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

எழுத்தில், பெட்டிக்கடையில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட மாத நாவல்கள் இந்தப் பசியை ரொம்ப காலம் தீர்த்தன. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கடையில் ஒரே புத்தகத்தை நாலு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறோம். என் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, சில நேரம் கடைசிப் பக்கமும் இருக்காது. முடிவை நானே யோசித்துக்கொள்வேன். எழுத வந்தது அந்தப் பழக்கத்தில்தான்.

ஏன் சின்னக் கதை? இருநூறு பக்கம் படித்தால் இன்னும் பயமாக இருக்காதா?

இருக்காது என்பது என் அனுபவம். பயம் என்பது மூச்சைப் பிடித்துக்கொள்வது மாதிரி. எவ்வளவு நேரம் பிடிப்பீர்கள்? நாவலில் ஐம்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் திறக்கும்போது கொலைகாரனும் ஓய்வெடுத்துவிட்டு வந்திருப்பான். ஒரே அமர்வில் படித்து முடிக்கிறபடி இருந்தால்தான் எழுத்தின் தாக்கம் சிதறாமல் இருக்கும் என்று எட்கர் ஆலன் போ 1846-லேயே எழுதியிருக்கிறார். ஸ்லாஷருக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும்.

இன்னொரு காரணம் இடம். கதவு எங்கே, படி எங்கே, சுவிட்ச் எங்கே என்பது படிப்பவரின் தலைக்குள் நிற்க வேண்டும். இருபது அறை உள்ள பங்களாவை யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு ஹால், ஒரு சமையல் ரூம், வெளியே பொதுவான பாத்ரூம் என்றால் மூன்று வரியில் பதிந்துவிடும். அப்புறம் அந்த பாத்ரூம் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்று எழுதினாலே போதும்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தண்டையார்பேட்டையில் ஏறினால் வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வருவதற்குள் ஆயிரம் சொல் கதை ஒன்றை முழுதாகப் படித்துவிடலாம். எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். கதையில் இன்னும் ஒரு ஆள் உயிரோடு இருக்கும்போது ஸ்டேஷன் வந்துவிட்டால், இறங்கி பிளாட்பாரத்தில் நின்றே முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்களாம்.

கடைசியில் ரத்தம்தானே இதில் விஷயம்?

நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். என் முதல் கதையில் பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். அதைக் காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிற ஓர் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு மரக்கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். கட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் என் கால் விரல் வரைக்கும் வந்து, செதில் ஒன்று செருப்பில் ஒட்டிக்கொண்டது. வாசித்து முடித்ததும் அவர் சொன்னது இதுதான்:

"வெட்றதுக்கெல்லாம் எனக்கு இன்னா பயம் கண்ணு? நாள் முழுக்க அதான் பண்றேன். காலைல வந்து பாக்கும்போது, வெச்ச எடத்துல கத்தி இல்லன்னு வெச்சிக்கோ. அதான் டர்ராவும்."

அன்றைக்கே அந்தக் கதையைத் திருத்தி எழுதினேன். ஐந்து கொலை இரண்டானது. முதல் பத்தியில் கத்தி ஆணியில் தொங்குகிறது, நாலாவது பத்தியில் ஆணி மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த அக்காவின் ஆணியைத்தான். ரத்தம் காட்டுவது தப்பில்லை, சில கதைகளுக்கு அது வேண்டும். ஆனால் ரத்தம் வந்த பிறகு பயம் குறைகிறது. அருவருப்பு வருகிறது, பரிதாபம் வருகிறது. பயம் அதற்கு முந்தின வரியிலேயே முடிந்துவிட்டது.

பயப்படுவதில் என்ன ஆசை? காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவானேன்?

சின்ன வயதில் ஐஸ்பாய் விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? தண்ணி டிரம்முக்குப் பின்னால் குந்திக்கொண்டு, தேடுகிறவனின் காலடிச் சத்தம் கிட்டே வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பும் வந்து, ஒண்ணுக்கும் வந்து, இதயம் காதுக்குள் அடித்திருக்குமே. அதுதான் இது. தேடுகிறவன் உங்கள் தெருப் பையன்தான் என்று உடம்புக்குத் தெரியாது. மனசுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். பயமுறுத்துவதற்கென்றே அமைத்த ஒரு வீட்டுக்குள் 110 பேரை அனுப்பி, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பயம் ரொம்பக் குறைவாக இருந்தபோதும் ரசிக்கவில்லை, ரொம்ப அதிகமானபோதும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவில்தான் ரசிப்பு உச்சத்துக்குப் போனது. குழம்புக்கு உப்பு மாதிரி. எழுதுகிறவரின் வேலை அந்த அளவைக் கண்டுபிடிப்பது. கதை வாசிக்கும்போது எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். யாராவது போனை எடுத்தால் உப்பு குறைவு. யாராவது எழுந்து தண்ணி குடிக்கப் போனால் அதிகம்.

இந்தப் பக்கம் நிஜமான ஆபத்தே ஏராளம். அது போதாதா?

என்னிடம் கேட்கப்பட்டதிலேயே கனமான கேள்வி இது. கேட்டவர் எண்ணூர்க்காரர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரைக்கும் கருப்பாகப் படிந்திருந்தது.

அவரிடம் நான் யோசித்துச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த ராத்திரியில் துரத்தியதற்கு முகம் இல்லை. எந்தப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று தெரியாது. எப்போது முடிந்தது என்றும் தெரியாது, விடிந்த பிறகும் தொண்டை எரிந்துகொண்டே இருந்தது. ஸ்லாஷரில் ஆபத்துக்கு இரண்டு கால், இரண்டு கை. அது நடக்கும் சத்தம் கேட்கும். அதை ஒரு கதவால் தடுக்கலாம், ஒரு பூரிக்கட்டையால் அடிக்கலாம். பத்து நிமிடத்தில் அது முடியும். முகமில்லாத பயத்தோடு வாழ்கிறவர்களுக்கு, முகமூடியாவது போட்ட ஒரு பயம் கிடைப்பது நிம்மதி. இதை நான் மனதாரச் சொல்கிறேன். அவர் இப்போது மாதம் இரண்டு முறை வருகிறார், எழுதவும் செய்கிறார். அவர் கதைகளில் கொலைகாரன் வருவதற்கு முன்பு எப்போதும் ஒரு வாசனை வரும்.

கொரோனா காலத்தில் நடந்த ஓர் ஆய்வும் நினைவுக்கு வருகிறது. திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் அந்த நாட்களில் மன உளைச்சலைக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள் என்று 2021-ல் வெளியானது. படங்கள்தான் அதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எங்கள் மாடியில் பார்ப்பதற்கு அது ஒத்துப்போகிறது.

அமெரிக்கக் கதையில் காட்டுக்குள் தனி வீடு. நம் ஏரியாவில் தனியாக இருக்க இடமே இல்லையே, எப்படி நம்புவது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு, ஒரு மாடிக்கு நாலு குடும்பம், நீங்கள் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். இங்கே கத்தினால் பத்து பேர் வந்துவிட மாட்டார்களா?

ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். விளக்குக் கம்பத்துக்கு ஒரு கூம்பு ஸ்பீக்கர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சோறு வேண்டுமா என்று சைகையில்தான் கேட்க முடிகிறது. அந்தச் சத்தத்துக்குள் ஒருத்தி கத்தினால் யாருக்குக் கேட்கும்? தெரு முழுக்க ஆள், ஜன்னலுக்கு ஜன்னல் லைட்டு, ஆனாலும் அவள் தனி. காட்டில் யாரும் இல்லாததால் பயம். இங்கே எல்லோரும் இருந்தும் கேட்கவில்லை என்ற பயம். இரண்டாவதுதான் எனக்குக் குலை நடுங்க வைக்கிறது. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும் நேரம், மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும் நேரம், விடியற்காலை மீன் ஏலத்தின் கூச்சல் என்று சத்தத்தால் அடைபட்ட இடங்கள் நமக்கு எத்தனையோ இருக்கின்றன.

எங்கள் குழுவில் ஒரு பெண் எழுதிய கதையைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. ஆடி வெள்ளி. இரண்டாவது ஷிப்ட் முடித்து இரவு பதினொன்றுக்கு வீடு திரும்புகிறாள் ஒருத்தி. வாசலில் வழக்கம்போல செருப்புகள். அம்மாவின் நீல ஹவாய், வார் அறுந்து ஊக்கு குத்தியது. தம்பியின் பள்ளிக்கூட ஷூ. தாத்தாவின் தோல் செருப்பு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. கூடவே இன்று இன்னொரு ஜோடி. பெரிய அளவு, ஈரம். மற்றதெல்லாம் கழற்றிய வாக்கில் தாறுமாறாகக் கிடக்கிறது. அந்த ஜோடி மட்டும் கிளம்பும்போது காலை நுழைத்துக்கொள்ள வசதியாக, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வரியை அவர் வாசித்ததும் எங்கள் மாடியில் யாரும் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, படிக்கட்டுக் கதவருகே நாங்கள் விட்டுவந்த செருப்புகளைப் பார்த்தோம். நான் எண்ணவே எண்ணினேன். கொல்ல வந்தவனும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறான் என்பதை நம் வாசலில் வளர்ந்தவர்தான் யோசிக்க முடியும்.

வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று சினிமா காட்டுகிறது. நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்?

அந்தப் பழி எங்களுக்கும் வலிக்கிறது. ஏரியா பெயரைச் சொன்னவுடன் வேலை கொடுக்கிறவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் எங்களில் உண்டு. அதனால்தான் சில விஷயங்களில் கறாராக இருக்கிறோம். கொலைகாரனுக்கு மட்டும் சென்னைப் பேச்சு கொடுத்து, தப்பிப் பிழைக்கிறவளுக்குப் புத்தகத் தமிழ் கொடுக்கும் கதையை மாடியில் வாசிக்க விடுவதில்லை. கொலைகாரனின் நிறத்தை எழுதினால், மற்ற எல்லோருடைய நிறத்தையும் எழுதச் சொல்வோம். கேங் சண்டை ஸ்லாஷர் ஆகாது. அதில் இரண்டு பக்கமும் ஆயுதம் இருக்கிறது, பழைய கணக்கு இருக்கிறது. ஸ்லாஷரில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அவர்கள் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தவர்கள், கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள், நாளைக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டியவர்கள்.

அவர்களை வாசகர் நேசிக்காவிட்டால் பயமே வராது. முகம் தெரியாத நாலு பேர் செத்தால் அது எண்ணிக்கை மட்டும்தான். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் விடிய விடியக் கானா பாடுவார்கள், செத்தவரின் கெட்ட பழக்கம்கூடப் பாட்டில் வரும். ஒருவரை முழுசாக நினைவுகூர்வது என்றால் என்ன என்று அந்த மரண கானாவிடம் நான் கற்றிருக்கிறேன். ஸ்லாஷரில் சாகிற ஆளுக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். அந்த அரைப் பக்கத்தில் அவர் ஒரு மனிதராக இருக்க வேண்டும்.

பெண்களைக் கொல்வதைப் பார்த்து ரசிப்பதுதானே இது?

அப்படி எழுதப்பட்டவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. பெண்ணின் சாவை மட்டும் நீட்டி நீட்டி எழுதிய கதைகளை நானே பாதியில் மூடியிருக்கிறேன். ஆனால் இந்த வகையின் மையத்தில் நிற்பவளும் பெண்தான். அமெரிக்கப் பேராசிரியர் கரோல் க்ளோவர் 1987-ல் எழுதிய கட்டுரையில் அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்று பெயர் வைத்தார். எல்லோரும் விழுந்த பிறகும் மிஞ்சி, கொலைகாரனை நேருக்கு நேர் பார்த்துத் திருப்பி அடிப்பவள். ஆண் ரசிகர்களும் அந்த நேரத்தில் அவள் கண் வழியாகத்தான் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம்.

எங்கள் கதைகளில் அவள் எப்படித் தப்பிக்கிறாள் தெரியுமா? விடிகாலை நாலு மணிக்கு இடுப்பில் குடத்தோடு அதே படிக்கட்டை வருடக்கணக்காக ஏறி இறங்கியவள். எட்டாவது படி உடைந்திருப்பதும், இரண்டாவது மாடி கைப்பிடி ஆடுவதும் இருட்டிலும் அவள் காலுக்குத் தெரியும். துரத்துகிறவனுக்குத் தெரியாது.

கொலைகாரனுக்குக் காரணம் சொல்ல வேண்டுமா?

சின்னக் கதையில் வேண்டாம். ஒரு கீற்று போதும். சின்ன வயதில் அவன் பட்ட கொடுமையை இரண்டு பக்கம் விளக்கினால் பயம் பரிதாபமாகிவிடும்.

கையில் போன் இருக்கும்போது எப்படி மாட்டிக்கொள்வார்கள்?

சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்று எழுதித் தப்பிக்காதீர்கள், வாசகர்கள் சலித்துவிட்டார்கள். போன் வேலை செய்யட்டும். அவள் அழைக்கட்டும். ரிங் டோன் அலமாரிக்குள்ளிருந்து கேட்கட்டும்.

நிஜத்தில் நடந்த கொலையை வைத்து எழுதலாமா?

கூடாது. செத்தவரின் அம்மா இரண்டு தெரு தள்ளி இருப்பார். எங்கள் மாடியில் மாற்றிக்கொள்ளாத ஒரே விதி இதுதான்.

கடைசி வரியில் திருப்பம் கட்டாயமா?

ஒரு பக்கக் கதை படித்து வளர்ந்த நமக்குக் கை தானாக அங்கே போகும். "எல்லாம் கனவு", "கொலைகாரன் நான்தான்" இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்லாஷர் நல்லபடி முடிவது பெரும்பாலும் ஓய்வில்தான்: அவள் வெளியே வந்து படியில் உட்கார்கிறாள், பால்காரர் மணி அடிக்கிறார், அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

பிள்ளைகள் வரலாமா?

பதினைந்து வயதுக்கு மேல், வீட்டில் சொல்லிவிட்டு. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு நாங்கள் தனியாகப் பேய்க் கதை வாசிக்கிறோம். பதினைந்தைத் தாண்டியும் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. வீட்டிலேயே கை ஓங்குகிற ஆள் இருக்கும் பிள்ளைக்குத் துரத்தல் கதை விளையாட்டாக இருக்காது. அப்படி ஒரு பெண் நடுவில் எழுந்து போனாள். கதையை அங்கேயே நிறுத்தினோம். எங்களில் ஓர் அக்கா கீழே போய் அவளோடு டீ குடித்துவிட்டு, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார். எழுந்து போனால் யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

படித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால்?

லைட்டைப் போடுங்கள். தாழ்ப்பாளை ஒரே ஒரு முறை பாருங்கள், இரண்டாவது முறை போகாதீர்கள். அப்புறம் அந்தக் கதையை வீட்டில் யாருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே பயந்தீர்கள் என்று உங்களுக்கே பிடிபடும், பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும்.

எப்போது, எப்படி வருவது?

சனிக்கிழமை ஆறரை மணிக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் சீக்கிரமே வந்துவிடுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் காசிமேட்டிலிருந்து நிறையப் பேர் வருவார்கள், கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கும். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன ராத்திரிகளைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்கவே வரலாம். ஐந்து பேர், ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர். அதை ஸ்லாஷராக எழுத இன்னும் யாரும் முன்வரவில்லை. எழுத நினைப்பவர்கள் ஆயிரம் சொல்லுக்குள் எழுதி எடுத்து வாருங்கள், பத்து நிமிடம் தருகிறோம். மாடிக் கதவருகே இடமில்லை, செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிடுங்கள்.